ஏரி நலமா? சேற்றில் வாழும் உயிர்களைப் பார்த்துத் தெரிந்துகொள்வது எப்படி

ஒரு ஏரியின் தண்ணீர் நல்லதா கெட்டதா என்று தெரிய வேண்டுமென்றால் பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவதுதான் வழக்கம். அது தேவையான வேலைதான். ஆனால் பாட்டிலுக்குள் இருப்பது அந்த நிமிடத்துத் தண்ணீர். பாசி பூத்துப் பச்சையாகக் கிடக்கும் ஏரியில் மதியம் இரண்டு மணிக்கு அளந்தால் கரைந்த ஆக்சிஜன் ஏராளமாக இருக்கும். வெயிலில் பாசி ஆக்சிஜனை வெளிவிட்டுக்கொண்டிருக்கும் நேரம் அது. இரவெல்லாம் அதே பாசியும் சேற்றிலுள்ள பாக்டீரியாவும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இரண்டு அளவும் உண்மை. எதை வைத்து முடிவுக்கு வருவது?

அடிச்சேற்றில் வாழும் சிற்றுயிர்கள் அந்தப் பகலையும் அந்த இரவையும் சேர்த்தே கழிக்கின்றன. அவற்றால் வேறெங்கும் ஓடிவிட முடியாது. செம்புழு சில வாரங்கள் அங்கே கிடக்கிறது, தட்டானின் இளம்பருவம் சில மாதங்கள், மட்டி பல ஆண்டுகள். யார் இருக்கிறார்கள், யார் காணாமல் போயிருக்கிறார்கள் என்று பார்த்தால், நாம் அங்கே இல்லாத நாட்களில் ஏரிக்கு என்ன நடந்தது என்பதும் கணக்கில் வந்துவிடும்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிக வலுவான சான்று வட அமெரிக்காவின் ஈரி ஏரி. பெரிய ஏரிதான் என்றாலும் அதன் மேற்குப் பகுதியின் சராசரி ஆழம் சுமார் 7 மீட்டர் மட்டும். அந்தச் சேற்றில் வளை தோண்டி வாழும், மேஃபிளை என்ற பூச்சியின் இளம்பருவம் சதுர மீட்டருக்குச் சில நூறு என்ற அளவில் இருந்தது. 1953 செப்டம்பர் தொடக்கத்தில் காற்றில்லாத சூடான நாட்கள் தொடர்ந்து வந்தன. மேல்தண்ணீரும் கீழ்த்தண்ணீரும் கலக்கவில்லை. அடியில் ஆக்சிஜன் தீர்ந்து, இளம்பூச்சிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. ஒரு வாரத்து வானிலை மட்டுமே இதைச் செய்துவிடவில்லை. அதற்கு முன் பல ஆண்டுகளாகச் சாக்கடையும் உரமும் வந்து சேர்ந்து ஏரியை அந்த நிலைக்குத் தள்ளியிருந்தன. பிறகு பல பத்தாண்டுகள் அங்கே அந்தப் பூச்சி பெயரளவுக்குத்தான் இருந்தது. 1972இல் அமெரிக்காவும் கனடாவும் ஒப்பந்தம் போட்டு, சாக்கடையிலும் உரத்திலும் வரும் பாஸ்பரஸைக் குறைத்த பின், 1990களின் தொடக்கத்தில்தான் திரும்ப வர ஆரம்பித்தது. இப்போது அங்கே கோடையில் கிளம்பும் மேஃபிளைக் கூட்டம் வானிலை ரேடாரிலேயே தெரிகிறது.

நம் ஊர் ஏரிகளுக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஏரி, குளம், கண்மாய், தாங்கல் என்று சுமார் 39,000 இருக்கின்றன. அநேகமாக எல்லாமே சில மீட்டர் ஆழம்தான். வடகிழக்குப் பருவமழையில் நிறையும், கோடையில் வற்றும், பல முழுவதுமாகக் காய்ந்தே போகும். இந்தக் கட்டுரை அப்படிப்பட்ட நன்னீர் ஏரிகளுக்கானது. பழவேற்காடு மாதிரி உப்புநீர் கலக்கும் இடங்களில் வாழும் உயிர்களே வேறு. அங்கே இதைப் பயன்படுத்த வேண்டாம்.

இறங்கும் முன்

முதலில் உயிர் பத்திரம். நம் ஏரிகளில் பெரிய ஆபத்து சவுடு மண் அள்ளிய குழிகள். முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டிருக்கும்போது அடுத்த அடி இரண்டு ஆள் ஆழத்தில் விழும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் தனியாகப் போகாதீர்கள். கையில் ஒரு கம்பு வைத்து, ஊன்றிப் பார்த்த பிறகே அடுத்த அடி வையுங்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் அங்கேயே நில்லுங்கள். அந்த ஆழத்துக்குள் எடுக்கும் சேறே ஆரம்பநிலைக்குப் போதும்.

ரப்பர் பூட்ஸ் போடுங்கள். உடைந்த பாட்டில் இல்லாத கரையை நான் பார்த்ததில்லை. காலில் கையில் காயம் இருந்தால் அன்று இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் தேங்கிய தண்ணீர் வழியாகவும் வரும். வேலை முடிந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், ஏரியில் இறங்கியதை டாக்டரிடம் சொல்லுங்கள். ஆடுமாடு இறங்கும் குளங்களில் சில நத்தைகளிலிருந்து வெளிவரும் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி தோலில் அரிப்பை உண்டாக்கும். கரையேறியதும் துண்டால் அழுத்தித் துடைத்து, நல்ல தண்ணீரில் கழுவுவது நல்லது.

அனுமதியும் கேட்க வேண்டும். ஏரி நீர்வளத் துறையுடையதா, ஊராட்சியுடையதா என்று விசாரியுங்கள். வேடந்தாங்கல், கரிக்கிலி, கூந்தன்குளம் போன்ற பறவைகள் சரணாலயங்களில் வனத்துறை எழுத்தில் அனுமதி தராமல் இறங்கவே கூடாது; கூடுகட்டும் காலத்தில் கேட்கவும் வேண்டாம். மீன் குத்தகை எடுத்தவரிடம் போய்ப் பேசுங்கள். "அண்ணே, மீன் பிடிக்க வரலை, சேத்துல இருக்கிற புழுவைப் பார்க்க வந்திருக்கோம்" என்றால் முதலில் சிரிப்பார். அப்புறம் எங்கே ஆழம், ஏரி கடைசியாக எந்த வருடம் காய்ந்தது, எந்தப் பக்கத்திலிருந்து கழிவுநீர் வருகிறது என்பதையெல்லாம் அவர்தான் சொல்வார். அந்தத் தகவல் இல்லாமல் பின்னால் ஒரு முடிவுக்கும் வர முடியாது.

என்னென்ன வேண்டும்

விலை உயர்ந்த எதுவும் வேண்டாம். ஆராய்ச்சியாளர்கள் எக்மன் கிராப் என்ற பித்தளைப் பெட்டியைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். அதன் தாடைகள் மூடி 15 செ.மீ. நீள அகலத்துக்குச் சேற்றை அள்ளிவரும். கால் எட்டும் ஆழத்துக்கு அது தேவையில்லை. பிளம்பிங் கடையில் கிடைக்கும் 4 அங்குல பிவிசி குழாயில் இரண்டடி வெட்டி, ஒரு முனையைச் சாய்த்துத் தேய்த்துக் கூராக்குங்கள். மேல் முனைக்கு இறுக்கமான மூடி ஒன்று. இதுவே உங்கள் கருவி.

இதோடு மாவு சலிக்கும் சல்லடை ஒன்று. கண் அரை மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். டீ வடிகட்டி என்றால் சின்னப் புழுவெல்லாம் நழுவிப்போகும். எந்தச் சல்லடையில் ஆரம்பிக்கிறீர்களோ அதையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் மாற்றினால் எண்ணிக்கைகளை ஒப்பிட முடியாது. வெள்ளை நிறத் தட்டு அல்லது ட்ரே, இரண்டு வாளி, இங்க் ஃபில்லர், மெல்லிய பிரஷ், பிளாஸ்டிக் ஸ்பூன், 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஃபிரிட்ஜில் ஐஸ் வைக்கும் குழித்தட்டு. குழித்தட்டுதான் இதில் அருமையான சாமான். ஒவ்வொரு வகையை ஒவ்வொரு குழியில் தண்ணீரோடு விட்டுவிட்டால் ஒன்றையொன்று தின்னாது. குறிப்பு எழுதப் பென்சில். பேனா மை நனைந்தால் போய்விடும்.

எப்போது, எங்கே

தமிழ்நாட்டு ஏரிக்கு இரண்டு காலம் பொருத்தம்: மழை முடிந்து தண்ணீர் தெளிந்த பின் தை, மாசியில் ஒரு முறை; வெயில் ஏறித் தண்ணீர் குறைந்த பின் சித்திரையில் ஒரு முறை. காய்ந்து கிடந்த ஏரி புதிதாக நிறைந்திருந்தால் குறைந்தது இரண்டு மாதமாவது விடுங்கள். முதலில் வந்து குடியேறுவது பறந்து வந்து முட்டையிடும் பூச்சிகளின் புழுக்கள்தான். நத்தை, மட்டி எல்லாம் மெதுவாக வரும். அதற்குள் போய்ப் பார்த்துவிட்டு "புழு மட்டும்தான் இருக்கிறது, ஏரி கெட்டுவிட்டது" என்று சொல்வது அந்த ஏரிக்குச் செய்யும் அநியாயம்.

இடத்தைப் பொறுத்தவரை மூன்றையாவது தேர்ந்தெடுங்கள். வரத்துக்கால் ஏரிக்குள் நுழையும் வாய் ஒன்று. வெளியிலிருந்து வரும் கழிவு முதலில் படிவது அங்கேதான். கரையோரம் மடைக்குப் பக்கத்தில் ஒன்று. அது ஆழமான பக்கம் என்பதால் வண்டல் அங்கே சேரும், ஆனால் மடைக்கு மிக அருகில் போகாமல் கரையிலிருந்து எட்டும் இடமாகப் பாருங்கள். மூன்றாவது, உள்வாயில், அதாவது கரைக்கு எதிர்ப்பக்கம், செடிகொடி உள்ள ஆழமில்லாத பகுதி. அதே வரத்துக்காலில் மேலே இன்னொரு ஏரி இருந்தால் அங்கேயும் எடுங்கள். நம் ஏரிகள் ஒன்றின் கலங்கலில் வழியும் உபரிநீர் அடுத்ததற்கு வரத்தாக, சங்கிலியாக அமைந்தவை. ஊருக்கு மேலே உள்ள ஏரியையும் ஊருக்குக் கீழே உள்ள ஏரியையும் ஒரே வாரத்தில் பார்த்தால், எந்த அட்டவணையும் சொல்லாத விஷயம் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

சேற்றை எடுப்பது

குழாயைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரு சாண் ஆழம் இறங்கும்வரை சேற்றில் அழுத்துங்கள். மேல்மூடியை இறுக்கிப் போட்டு மெதுவாக இழுங்கள். உள்ளே உறிஞ்சும் அழுத்தம் சேற்றைப் பிடித்துக்கொள்ளும். கீழ்முனை தண்ணீரை விட்டு வெளிவருவதற்குள் உள்ளங்கையால் அடைத்து வாளியில் விடுங்கள். ஒரே இடத்தில் இப்படி ஐந்து குத்து, ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி. நடந்து கலக்கிய இடத்தில் எடுக்க வேண்டாம், முன்னால் உள்ள கலங்காத சேற்றை எடுங்கள்.

குழாயின் உள்விட்டம் 10 செ.மீ. என்றால் ஐந்து குத்துக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 390 சதுர செ.மீ. பரப்பு. கிடைத்த எண்ணிக்கையை 25.5ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை என்று வரும்.

சல்லடைக்குப் போகும் முன் சேற்றை ஒரு நிமிடம் பாருங்கள். மேலே பழுப்பாக மெல்லிய படலம், அதற்குக் கீழே கறுப்பு என்றால் மேற்பரப்புக்காவது ஆக்சிஜன் எட்டுகிறது. மேலிருந்தே கரிக்கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம் என்றால் ஆக்சிஜன் சேற்றின் மேற்பரப்பிலேயே தீர்ந்துவிடுகிறது என்று பொருள். இதை மட்டும் வைத்துச் சாக்கடை என்று சொல்லிவிடாதீர்கள். ஆகாயத்தாமரை மடிந்து அழுகினாலும் இதே கறுப்பும் நாற்றமும் வரும். நிறம், நாற்றம், தண்ணீரின் ஆழம், கடைசியாக மழை பெய்த நாள் எல்லாவற்றையும் அங்கேயே எழுதுங்கள்.

பிரித்தெடுப்பது

வாளிச் சேற்றில் ஏரித் தண்ணீரையே ஊற்றிக் கையால் மெல்லக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சல்லடையில் விடுங்கள். சல்லடையை வாளித் தண்ணீரில் பாதி முக்கி ஆட்டினால் களிமண் கரைந்து போகும். மேலிருந்து வேகமாகத் தண்ணீர் அடிக்கக் கூடாது. மேஃபிளையின் வால் அறுந்துவிட்டால் அப்புறம் அடையாளம் காண்பது சிரமம். சல்லடையில் தங்கியதை வெள்ளைத் தட்டில் ஒரு விரல் உயரத் தண்ணீரில் பரப்பி, இரண்டு நிமிடம் அசையாமல் விடுங்கள். குப்பை என்று நினைத்தது நடக்க ஆரம்பிக்கும்.

இலைத்துகள் அதிகமாகி எதுவுமே தெரியாவிட்டால் ஒரு பழைய உத்தி: ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 300 கிராம் சர்க்கரையைக் கரைத்து, வடித்த குப்பையை அதில் போட்டுக் கலக்குங்கள். புழுக்களும் பூச்சிகளும் மிதந்து மேலே வரும். எடுத்தவுடன் ஏரித் தண்ணீருக்கு மாற்றிவிட்டால் பிழைத்துக்கொள்ளும். நத்தையும் மட்டியும் மிதக்காது, அவற்றை அடியில் தேடுங்கள். பிரித்தெடுக்க ஒவ்வோர் இடத்துக்கும் ஒரே அளவு நேரம் ஒதுக்குங்கள். அரைமணி வைத்துக்கொள்ளலாம். ஓரிடத்தில் பத்து நிமிடமும் இன்னோரிடத்தில் ஒரு மணி நேரமும் தேடினால் வித்தியாசம் ஏரியால் வந்ததா, தேடியதால் வந்ததா என்று தெரியாது. பாதுகாத்து வைக்க வேண்டுமென்றால் 70 சதவீத ஆல்கஹால். ஃபார்மலின் பக்கம் ஆரம்பநிலையில் போகவே வேண்டாம், அது நச்சு.

யார் யார் என்று அறிவது

இனப்பெயர் வரை போக வேண்டியதில்லை. பெரும் பிரிவைச் சரியாகச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

ஓடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு ஓடு என்றால் மட்டி. ஒற்றைச் சுருள் ஓடு என்றால் நத்தை. அதைத் தொட்டு உள்ளே இழுக்க வைத்து, வாயில் மூடி போட்டுக்கொள்கிறதா என்று பாருங்கள். மூடி போடுபவை பெரும்பாலும் செவுளால் தண்ணீரிலேயே மூச்சுவிடுபவை. ஏரி ஓரங்களில் கோலிக்குண்டு அளவில் பச்சை கலந்த பழுப்பில், கோடு கோடாக இருக்கும் நத்தை இப்படிப்பட்டது. மூடியே இல்லாதவை நுரையீரல் உள்ளவை. மேலே வந்து காற்றை எடுத்துக்கொண்டு போகும், அடியில் ஆக்சிஜன் இல்லாவிட்டாலும் காலம் தள்ளும். ஓட்டின் கூர்முனை மேலே இருக்கும்படி, வாய் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். வாய் இடப்பக்கம் திறந்தால் அது பெரும்பாலும் சாக்கடைகளில் பெருகும் சிறிய அயல்நாட்டு நத்தை. ஆப்பிள் நத்தை என்கிற பெரிய உருண்டை நத்தைக்கு மூடியும் உண்டு. செவுள், நுரையீரல் இரண்டும் உண்டு. கோடையில் சேற்றுக்குள் புதைந்து உறங்கி மழைக்கு எழும். அதனால் அது இருப்பதையோ இல்லாததையோ வைத்து அதிகம் பேச முடியாது. ஊசி மாதிரி நீண்ட சுருள் ஓட்டுச் சின்ன நத்தைகளும் மூடி போடுபவைதான். ஆனால் கெட்ட தண்ணீரையும் தாங்கும், அதை விதிவிலக்காக நினைவில் வையுங்கள்.

கரையில் வெறும் நத்தை ஓடு குவியலாகக் கிடந்தால் பதற வேண்டாம். நத்தைகுத்தி நாரை வந்து சாப்பிட்டுப்போன இடமாக இருக்கும்.

ஓடு இல்லை, ஆறு கால் இருக்கிறது என்றால் பூச்சியின் இளம்பருவம். வால்பக்கம் மூன்று மெல்லிய இழை, வயிற்றின் இருபக்கமும் படபடக்கும் செவுள் தகடுகள் என்றால் மேஃபிளை. வால்பக்கம் மூன்று இலை போன்ற தகடு, ஒல்லி உடம்பு என்றால் ஊசித்தட்டான். தடித்த உடம்பு, வாலில் தகடு எதுவும் இல்லை, முகத்துக்குக் கீழே மடித்து வைத்த தாடை என்றால் பெரிய தட்டான். அந்தத் தாடையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முன்னால் நீட்டி இரையைப் பிடிக்கும். லென்ஸில் ஒரு முறை பார்த்துவிட்டால் மறக்கவே மாட்டீர்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஏரிக்கு மேலே நூற்றுக்கணக்கில் தட்டான் பறப்பதைப் பார்த்து "ஏரி சுத்தம்" என்று எழுதுபவர்கள் நிறையப் பேர். பருவமழைக் காலத்தில் நாம் பார்க்கும் கூட்டங்களில் பெரும்பகுதி கடல் கடந்தும் வலசை போகும் ஒரே இனம். அது மழைக்குட்டையிலும் ஓரிரு மாதத்தில் வளர்ந்துவிடும். பறப்பதை வைத்துச் சொல்லக் கூடாது. சம்பு, கோரைத் தண்டுகளில் ஒட்டியிருக்கும் உரித்த தோலைத் தேடுங்கள். தோல் இருந்தால் அந்தத் தட்டான் இந்தத் தண்ணீரில்தான் வளர்ந்தது.

ஓடும் ஆறு காலும் இல்லாதவை அடுத்து. இரண்டு முனையிலும் உறிஞ்சி இருந்தால் அட்டை. சிறு தலை தெளிவாகத் தெரிந்து, தலைக்குக் கீழே குட்டையாக ஒரு ஜோடி முண்டுக்கால் இருந்து, எட்டு வடிவில் நெளிந்து நீந்தினால் அது கொசு போலத் தோன்றும் கடிக்காத பூச்சி ஒன்றின் புழு. ஏரிக்கரை வீடுகளில் மாலையில் விளக்கைச் சுற்றி மொய்ப்பது அதன் வளர்ந்த பருவம். ரத்தச் சிவப்பாக இருந்தால் செம்புழு. உடம்பில் ஹீமோகுளோபின் இருப்பதால் ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் சமாளிக்கும். வெளிர் பச்சை, வெண்மை நிறத்தவையும் உண்டு, அவற்றைத் தனியாக எண்ணுங்கள். தலையென்று ஒன்றே தெரியாமல் நூல் போல, தொட்டால் சுருண்டுகொண்டால் அது நூல்புழு, மண்புழுவின் உறவு. சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் டியூபிஃபெக்ஸ் என்று உயிரோடு விற்பது இதைத்தான். தலையைச் சேற்றில் புதைத்து வாலைத் தண்ணீரில் ஆட்டி மூச்சுவிடும்.

நண்டு, சிற்றிறால் கிடைத்தால் அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நீர்த்தேள், மல்லாந்து நீந்தும் பூச்சி, நீர்வண்டு ஆகியவை தட்டில் வந்தால் தனியாக ஒரு வரியில் எழுதுங்கள், ஆனால் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை மேலே வந்து காற்றை எடுப்பவை, அடித்தளத்து ஆக்சிஜனைப் பற்றி எதுவும் சொல்லாது.

எண்ணுவது

பெயரே தெரியாமல் செய்யக்கூடிய ஓர் அழகான கணக்கு இருக்கிறது. நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளை உயிரினங்களைக் கொண்டு தரம் பிரிக்கும் முறையிலும் பன்மயத்தை இப்படித்தான் பார்க்கிறார்கள்.

தட்டில் உள்ளதை நன்றாகக் கலக்கிவிட்டு, தேர்ந்தெடுக்காமல் கையில் வரும் வரிசையில் ஒவ்வொன்றாக எடுங்கள். முதலாவது எடுத்ததும் ஒரு தொடர். அடுத்தது முந்தையதைப் போலவே இருந்தால் அதே தொடர் நீள்கிறது. வேறாக இருந்தால் புதுத் தொடர். கடைசியில் தொடர்களின் எண்ணிக்கையை மொத்த உயிர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். உதாரணமாக 40 உயிர்களில் 22 தொடர் வந்தால் 0.55. 40ம் செம்புழு என்றால் ஒரே தொடர், 0.025. ஒன்றுக்கு அருகில் வர வர வகைகள் கலந்து வாழ்கின்றன, பூஜ்யத்துக்கு அருகில் என்றால் ஒரே வகை ஆக்கிரமித்திருக்கிறது. முந்தையதோடு ஒப்பிட்டால் போதும் என்பதால் பள்ளிப் பிள்ளைகள் இதை அழகாகச் செய்வார்கள்.

வாரியத்தின் முறையில் இதோடு குடும்பவாரியான மதிப்பெண்ணும் சேர்ந்து ‘ஏ’ முதல் ‘இ’ வரை ஐந்து தரம் வரும். பழகிய பிறகு அதற்குப் போகலாம். ஆனால் வெளிநாட்டு ஓடைகளுக்கான மதிப்பெண் அட்டவணையை இறக்கிவைத்து நம் ஏரிக்குப் போடாதீர்கள். அவற்றில் உயர்ந்த மதிப்பெண் வாங்கும் பல பூச்சிகள் குளிர்ந்து ஓடும் தண்ணீரில் வாழ்பவை. மதுரைப் பக்கத்துக் கண்மாயில் அவை இல்லாதது கண்மாயின் குற்றம் கிடையாது.

முடிவுக்கு வருவது

இங்கேதான் நிதானம் வேண்டும். ஒரு செம்புழுவைப் பார்த்ததும் மாசு என்று தீர்ப்பெழுதாதீர்கள். நல்ல ஏரியிலும் செம்புழு உண்டு. பார்க்க வேண்டியது அது மட்டும்தான் இருக்கிறதா, கூட யார் இருக்கிறார்கள் என்பதை.

செம்புழுவும் நூல்புழுவும் ஆயிரக்கணக்கில், வேறு ஒன்றுமே இல்லை, சேறும் கறுப்பு என்றால் கழிவுநீர் வருகிறது என்பதற்கு அது பலமான அறிகுறி. இரண்டு புழுக்களுக்கும் அங்கே தீனி ஏராளம், போட்டிக்கு ஆளும் இல்லை. இதே நிலை வரத்துக்கால் வாயில் மட்டும் இருந்து, மடைப்பக்கமும் உள்வாயும் கலவையாக இருந்தால் ஏரி இன்னும் தாங்கிக்கொண்டிருக்கிறது. வரும் வழியை அடைத்தால் தேறும்.

தண்ணீரின் நடுவிலும் மேலேயும் நீர்வண்டும் மூடியில்லா நத்தையும் நிறைய, ஆனால் அடிச்சேறு கிட்டத்தட்ட காலி என்றால் அடியில் ஆக்சிஜன் அடிக்கடி தீர்ந்துபோகிறது. மேலே ஆகாயத்தாமரை மூடிய ஏரிகளில் இதை எதிர்பார்க்கலாம். விடியற்காலையில் அடித்தண்ணீரின் ஆக்சிஜனை அளந்து உறுதிப்படுத்துங்கள்.

சேற்றில் எதுவுமே இல்லை, நூல்புழுகூட இல்லை என்பது எல்லாவற்றையும்விடக் கவலைக்குரியது. அழுக்கு என்றால் அழுக்கைத் தின்பவையாவது இருக்க வேண்டும். தொழிற்சாலைக் கழிவு, பூச்சிமருந்து போன்ற நச்சாக இருக்கலாம். ஆனால் அந்தச் சந்தேகத்துக்குப் போகும் முன் எளிய காரணங்களைத் தள்ளிவிடுங்கள்: ஏரி போன மாதம்தான் நிறைந்ததா, சமீபத்தில் தூர் வாரினார்களா, எடுத்த இடம் வெறும் சரளையா?

எண்ணிக்கை எல்லா வகையிலும் குறைவாக, ஆனால் வகைகள் கலந்து இருந்தால் மீனை நினையுங்கள். குத்தகைக்கு விடும் குஞ்சுகளில் மிர்காலும் சாதாக் கெண்டையும் அடியில் மேய்பவை. செம்புழு அவற்றுக்கு விருப்ப உணவு. கெண்டை சேற்றைக் கிளறிக் கிளறித் தண்ணீரையும் கலங்கலாக்கும். கலங்கிய தண்ணீரில் வெளிச்சம் அடிக்கு எட்டாமல் நீர்ச்செடி மடியும், செடியை நம்பிய ஊசித்தட்டானும் மேஃபிளையும் குறையும். கழிவு ஒரு சொட்டு வராமலேயே ஓர் ஏரி இப்படி மாறக்கூடும்.

மட்டியை மட்டும் இன்னும் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். பெரிதாக வளரும் மட்டி வகைகளின் குஞ்சு பிறந்தவுடன் சில நாட்கள் மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டி வாழ்ந்த பிறகே சேற்றில் இறங்கும். அதனால் பெரியதும் சிறியதுமாகக் கலந்து உயிருள்ள மட்டி கிடைத்தால் பல செய்திகள் ஒன்றாகக் கிடைக்கின்றன: ஏரி சில ஆண்டுகளாக முழுதும் வற்றவில்லை, ஏற்ற மீன் இருக்கிறது, அடிச்சேற்றில் குஞ்சு பிழைக்கிறது. கிழட்டு மட்டி மட்டும் இருந்து குஞ்சே இல்லையென்றால் இப்போது ஏதோ ஒன்று தடைப்பட்டிருக்கிறது. மட்டியே இல்லாதது மட்டும், வருடாவருடம் காயும் ஏரியில், எதற்கும் சான்று ஆகாது.

ஆகவே ஒரே ஒரு நாள் எடுத்ததை வைத்து எதையும் அறிவிக்காதீர்கள். அதே இடம், அதே குழாய், அதே சல்லடை, அடுத்த தை, அடுத்த சித்திரை. இரண்டு மூன்று வருடம் சேர்ந்தால் உங்கள் ஏரிக்கு எது இயல்பு என்று தெரியும். அதிலிருந்து விலகுவதுதான் செய்தி.

கிளம்பும் முன்னும் பின்னும்

எண்ணி, படம் எடுத்தபின் உயிர்களை எடுத்த இடத்திலேயே விடுங்கள். ஒரு ஏரியில் எடுத்ததை இன்னோர் ஏரியில் விடவே கூடாது. பூட்ஸ், சல்லடை, குழாய் எல்லாவற்றையும் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே அடுத்த ஏரிக்குப் போங்கள். ஆகாயத்தாமரைத் துண்டும் அயல்நாட்டு நத்தையின் முட்டையும் இப்படித்தான் ஊர் விட்டு ஊர் போகின்றன.

குறிப்புத் தாளில் நாள், இடம், ஆழம், சேற்றின் நிறம், நாற்றம், செடியின் அளவு, ஒவ்வொரு வகையின் எண்ணிக்கை, தொடர்க் கணக்கு, தேடிய நேரம், கூட இருந்தவர்கள் எல்லாம் இருக்கட்டும். வரத்துக்கால் வாயில் இரண்டு பருவம் தொடர்ந்து புழு மட்டுமே வந்தால், அந்தத் தாள்களின் நகலையும் கழிவு நுழையும் இடத்தின் படத்தையும் இணைத்துத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு மனு எழுதுங்கள். எந்த இடத்தில், எந்த நேரத்தில் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும் என்பதையும் மனுவிலேயே சொல்லுங்கள்: வரத்துக்கால் வாயில், விடியற்காலையில். கிராமசபை நடக்கும் நாளில் இன்னொரு நகலை அங்கே வைத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.